மேடைப் பேச்சு வீடியோ யாருக்குச் சொந்தம்? நீக்குகிறவர்களும் ஏற்றுகிறவர்களும் கவனிக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் நூலகத்தில் ஒருவர் பேசியதை என் போனில் எடுத்து, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தளத்தில் ஏற்றினேன். பதிப்புரிமைப் பிரச்சினை என்று நீக்கிவிட்டார்கள். அதே தளத்தில் அமெரிக்க அதிபரின் பேச்சு இருக்கிறது, இன்னும் யார் யாரோ பேசியது இருக்கிறது. வீடியோ எடுத்தது நான், என் உழைப்பு. இது என்ன நியாயம்?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடியோவை நீக்கியது விதிப்படி சரியாகவே இருக்கலாம். உங்களுக்கு ஏற்பட்ட வருத்தமும் சரியானதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அதை விளக்க இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பேச வேண்டும்: சட்டம் என்ன சொல்கிறது, அந்தச் சட்டத்தைத் தன்னார்வலர்கள் எப்படிக் கையாள்கிறார்கள். எந்தத் தளம் என்று நீங்கள் சொல்லவில்லை. கட்டற்ற உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, கோப்புகளைச் சேர்க்கும் தளங்களில் பெரியதும் விதிகளைத் தெளிவாக எழுதி வைத்திருப்பதும் விக்கிப்பீடியாவுக்குப் படங்களும் வீடியோக்களும் தரும் விக்கிமீடியா பொதுவகம்தான், 2004 முதல் நடக்கிறது. அதனால் அதன் விதிகளை வைத்தே பேசுகிறேன், மற்ற தளங்களும் ஏறக்குறைய இதே வழிதான்.

"நான்தானே எடுத்தேன்" என்கிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு பேச்சு வீடியோவுக்குள் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று பதிவு, அது உங்களுடையது, அதில் சந்தேகமில்லை. இன்னொன்று பேச்சு, அதாவது அவர் கோத்துச் சொன்ன சொற்கள், அது அவருடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் 17ஆம் பிரிவில் 'சிசி' என்று ஓர் உட்பிரிவு உண்டு, 1983 திருத்தத்தில் சேர்த்தது. பொது இடத்தில் ஆற்றிய உரையின் முதல் உரிமையாளர் அதைப் பேசியவர்தான் என்று அது நேரடியாகவே சொல்கிறது. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவராகவே இருந்தாலும், மண்டபம் வேறொருவருடையதாக இருந்தாலும் இது மாறாது. வரமுடியாத ஒருவரின் வாழ்த்துரையை வேறொருவர் வாசித்தால் மட்டும், யார் சார்பில் வாசித்தாரோ அவருக்கு உரிமை போகும். ஆக, நம்மூரில் அடிக்கடி கேட்கிற "எங்க மேடை, எங்க மைக், எங்க செலவு, அதனால வீடியோவும் எங்களுது" என்கிற பேச்சும் பேச்சாளரின் சொற்கள் விஷயத்தில் எடுபடாது.

அதற்கு மேல் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. பாடகர், நடனக் கலைஞர், பாம்பாட்டி என்று வரும் அந்தப் பட்டியலில் விரிவுரை ஆற்றுகிறவரையும் சட்டம் சேர்த்திருக்கிறது. அவர் பேசுவதை அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து பரப்புவதைத் தடுக்க அவருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. பேச்சின் சொற்களுக்கோ, அவை அவர் காலத்திலேயே அச்சில் வந்திருந்தால், அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு. இலங்கையில் 70, மலேசியாவில் 50.

"அப்படியானால் பத்திரிகையில் மட்டும் எப்படிப் போடுகிறார்கள்?" என்று அடுத்த கேள்வி வரும், வர வேண்டியதுதான். 52ஆம் பிரிவு நடப்புச் செய்திக்காகப் பொதுக்கூட்ட உரையைப் பற்றி எழுதுவதை நியாயமான பயன்பாடு என்று அனுமதிக்கிறது. விமரிசனம் செய்யவும், தனிப்பட்ட ஆய்வுக்குப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. ஆனால் இந்தச் சலுகை ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டுக்கானது. கட்டற்ற தளத்தில் ஏற்றும்போது நீங்கள் வேறொன்றைச் சொல்கிறீர்கள்: உலகத்தில் யார் வேண்டுமானாலும் இதை எடுக்கலாம், வெட்டலாம், மொழிபெயர்க்கலாம், குறுந்தகடு போட்டு விற்கலாம். அந்த அனுமதியைப் பேசியவர் இடத்திலிருந்து நீங்கள் கொடுக்க முடியாது. பொதுவகம் நியாயப் பயன்பாடு என்ற காரணத்தை ஏற்றுக்கொள்வதே இல்லை என்பதற்கு இதுதான் காரணம். கோலாலம்பூரில் ஒரு பதிப்பாளர் அந்த உரிமத்தை நம்பி அந்த உரையைப் புத்தகத்தில் சேர்த்து, பிறகு பேச்சாளர் வந்து கேட்டால், மாட்டிக்கொள்வது அந்தப் பதிப்பாளர்தான். விதி கடுமையாக இருப்பது அவரைப் போன்ற முகம் தெரியாத ஆளுக்காக.

இனி அமெரிக்க அதிபர். அங்கே கூட்டாட்சி அரசின் அலுவலர்கள் தங்கள் பணியின் பகுதியாகச் செய்யும் படைப்புக்குப் பதிப்புரிமையே கிடையாது. அதனால் வெள்ளை மாளிகை எடுத்து வெளியிட்ட அதிபர் உரை இருக்கிறது, அதில் எந்தச் சலுகையும் இல்லை. ஆனால் அதே ஆள் தேர்தல் பிரசார மேடையில் வேட்பாளராகப் பேசியது அரசுப் பணியில் வராது, அதைத் தனியார் தொலைக்காட்சி எடுத்திருந்தால் பதிவு வேறொருவருடையது, ஏற்றினால் நீக்கத்தான் வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னால் பேசினார், நேரலையில் நாடே பார்த்தது. அவ்வளவு பெரிய பேச்சு பொதுச் சொத்தாகிவிட்டது என்றுதான் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வாதாடியது. 1999இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை: ஊர் அறியப் பேசுவது வேறு, உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. "பொதுக்கூட்டத்தில் பேசினால் பொதுவாகிவிடும்" என்று நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த வழக்கைத்தான் சொல்வது.

நம்முடைய நாடாளுமன்ற, சட்டமன்ற உரைகளையும் பலர் அமெரிக்கா மாதிரியே நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. சபை தானே எடுத்து வெளியிடும் பதிவு 'அரசுப் படைப்பு' என்ற வகையில் வரும், அதற்கு வெளியான பிறகு 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. அரசியல் உரைகளைப் பாதுகாப்பிலிருந்து விலக்கிக்கொள்ள, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் இடம் தருகிறது. இந்தியா அதைப் பயன்படுத்தி முழு விலக்கு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் அதிகம் குழப்பம் வருவது பழைய தலைவர்களின் பேச்சில். அண்ணாவின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது, ஆகவே அவற்றில் அச்சான உரைகளை எடுத்துப் போடலாம். ஆனால் அவர் குரலில் இருக்கும் ஒலிப்பதிவு தனி உரிமை, அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு ஓடும். "அண்ணா நாட்டுடைமை" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு யூடியூபிலிருந்து ஒலிப்பதிவுகளை இறக்கி ஏற்றியதை நானே பார்த்திருக்கிறேன், ஏற்றியவர்களுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பெரியாரின் 'குடிஅரசு' இதழ் எழுத்துகளையும் பேச்சுகளையும் ஓர் இயக்கம் தொகுத்து வெளியிட முனைந்தபோது, உரிமை தங்களிடம் இருப்பதாக இன்னோர் அமைப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2009இல் நீதிபதி கே. சந்துரு தடை கொடுக்க மறுத்தார், தொகுப்பு வெளிவந்தது. உரிமை கோருகிறவர் அந்த உரிமை தன்னிடம் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும், தலைவரின் பெயரைச் சொல்லும் அமைப்பு என்பது மட்டும் போதாது. ஏற்றுகிறவருக்கும் இது பொருந்தும், நீக்கச் சொல்கிறவருக்கும் பொருந்தும்.

சட்டம் இவ்வளவுதான். இப்போது நியாயம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இதில் நானே தவறு செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் வரும் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஊர் வாசகர் வட்டத்தில் நடந்த ஒரு பேச்சை ஏற்றியிருந்தார். 40 நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் கரண்ட் போகும், மின்விசிறி நிற்கும் சத்தம் கேட்கும், பேச்சாளர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்து அதே மூச்சில் தொடர்வார், பின்வரிசையில் யாரோ ஜன்னலைத் திறப்பார்கள். நல்ல பதிவு. நான் அதைப் பார்த்துவிட்டு, பேச்சாளர் அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்த ஆயத்த அறிவிப்பை அவர் பக்கத்தில் ஒட்டினேன். ஏழு நாளில் பதில் இல்லாததால் கோப்பு நீங்கியது. அவர் பிறகு ஒரே ஒரு வரி எழுதினார்: "நான் என்ன தவறு செய்தேன் ஐயா?" நான் விளக்கமாகப் பதில் எழுதினேன், அவர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

அதே வாரம் ஒரு நண்பர் ஏற்றிய புத்தக வெளியீட்டு விழாப் பேச்சை நான் ஒன்றுமே கேட்காமல் விட்டிருந்தேன். பேசியவர் வேறொருவர், அனுமதிக் கடிதம் இல்லை, இரண்டு கோப்பும் அச்சு அசலாக ஒரே நிலை. நண்பரைப் பத்து வருடமாகத் தெரியும், "கேட்டிருப்பார்" என்று மனம் தானாக முடிவு செய்துகொண்டது. ஆசிரியரைத் தெரியாது, அதனால் "கேட்டிருக்க மாட்டார்" என்று முடிவு செய்துகொண்டது. இது மாதக்கணக்கில் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பாரபட்சம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம், எந்தப் பேச்சு வீடியோ வந்தாலும், ஏற்றியவர் பெயரைப் பார்ப்பதற்கு முன் மூன்றே கேள்விகள்: பேசியவர் யார், அவர் சம்மதம் எங்கே? கேமராவுக்குப் பின்னால் யார்? உள்ளே வேறு யாருடைய பொருளாவது இருக்கிறதா? பதில் தெரியவில்லை என்றால், அறிவிப்பு ஒட்டுவதற்கு முன் அவர் மொழியில் இரண்டு வரி எழுதிக் கேட்பேன். "வணக்கம், பேச்சாளரிடம் அனுமதி வாங்கினீர்களா, இல்லையென்றால் எப்படி வாங்குவது என்று சொல்கிறேன்" என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்திருந்தால் அந்த ஆசிரியர் இன்னும் முப்பது பேச்சுகளைச் சேர்த்திருப்பார்.

பொதுவகத்தில் முன்னெச்சரிக்கைக் கொள்கை ஒன்று இருக்கிறது: உரிமை பற்றிக் குறிப்பிடத்தக்க ஐயம் இருந்தால் கோப்பை வைத்திருக்கக் கூடாது. நல்ல கொள்கை. ஆனால் 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஐயம் கோப்பிலிருந்து வர வேண்டும். மூன்று கேமராக் கோணங்கள், கீழே ஓடும் தொலைக்காட்சிப் பட்டை, மூலையில் ஒரு சேனலின் முத்திரை, இவை எல்லாம் ஐயத்துக்குக் காரணங்கள். ஏற்றியவர் புதுக்கணக்கு என்பதோ, அவர் தமிழில் மட்டும் பேசுகிறார் என்பதோ காரணம் இல்லை.

அரசியல் பேச்சு என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் குழுக்களில் எல்லோருக்கும் ஒரு கட்சி, ஒரு கொள்கை, ஒரு சாய்வு இருக்கும், அது தப்பில்லை. ஆனால் பிடிக்காத தலைவரின் வீடியோக்களை மட்டும் தேடித் தேடிப் பதிப்புரிமை பேசி நீக்கக் கோருகிறவர்களைப் பார்க்கிறோம், பிடித்த தலைவர் என்றால் "வரலாற்று ஆவணம் ஐயா, இதைப் போய் நீக்குவதா" என்று வரிந்து கட்டுகிறவர்களையும் பார்க்கிறோம். இரண்டுமே எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். ஒரு பேச்சில் வெறுப்பு இருக்கிறது என்றால் அதற்கென்று வேறு விதி இருக்கிறது, அதைச் சொல்லியே வாதாட வேண்டும். பதிப்புரிமையைக் கம்பாக எடுத்து அடிக்கக் கூடாது. நான் ஒரு கட்சிக் கூட்டப் பேச்சை நீக்கக் கோரினால், அதே வகையில் வேறு கட்சிகளின் கோப்புகள் இருக்கின்றனவா என்று தேடி எல்லாவற்றையும் சேர்த்தே முன்வைப்பேன். நேரம் இல்லை என்றால் அந்த ஒன்றையும் நேரம் கிடைக்கும் நாளுக்குத் தள்ளி வைப்பேன்.

இதன் மறுபக்கம் உங்களுக்கு. "அது இருக்கிறதே, இதை ஏன் நீக்கினீர்கள்" என்பது உங்கள் கோப்பைக் காப்பாற்றும் வாதம் இல்லை. அந்த இன்னொன்றையும் பார்க்கச் சொல்லும் வாதம் மட்டுமே. அப்படிச் சுட்டிக்காட்டினால் பழிவாங்குவதாக எடுத்துக்கொள்ளாமல் அதையும் பார்ப்பது நீக்கியவரின் கடமை.

யூடியூபில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்று, அதாவது பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் உரிமத்தின் குறி போட்டிருந்தால் போதுமா என்று பலர் கேட்பார்கள். யூடியூப் 2011 முதல் அந்த வசதியைத் தருகிறது, பொதுவகமும் அந்த உரிமத்தை ஏற்கும். ஆனால் யாரோ எடுத்த பேச்சை இன்னொருவர் தன் சேனலில் மறுபடி ஏற்றி அந்தக் குறியைப் போட்டுவிடுகிறார், அதைக் காட்டி மூன்றாமவர் இங்கே கொண்டு வருகிறார், கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது மாதிரி. சேனல் யாருடையது என்று பார்க்க வேண்டும். பேச்சாளரே நடத்துவது, அல்லது அவரை அழைத்து, அவர் அறியப் பதிவு செய்த அமைப்பு நடத்துவது என்றால் நம்பலாம். பிற்பாடு அவர்கள் குறியை எடுத்துவிடவும் முடியும் என்பதால், ஏற்றியவுடன் உரிமச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பது முக்கியம். டெட் (TED) அமைப்பின் மேடைப் பேச்சுகளை ஏற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அவற்றுக்குத் தன்னார்வலர்கள் தமிழ் வசன வரி எழுதுகிறார்கள், நல்ல வேலை. ஆனால் அந்தப் பேச்சுகளின் உரிமத்தில் வணிகப் பயன்பாடும் மாற்றமும் தடை, அதனால் பொதுவகத்துக்கு வராது.

வீடியோவுக்குள் இருக்கும் மற்ற பொருள்களில் நம்மூருக்கே உரிய ஒன்று தமிழ்த்தாய் வாழ்த்து. வரிகள் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையுடையவை, அவர் 1897இல் மறைந்தார், யாரும் பாடலாம். ஆனால் நாம் பாடும் மெட்டு எம்.எஸ். விசுவநாதன் அமைத்தது, அவர் மறைந்தது 2015இல். அதனால் விழாவின் தொடக்கத்திலிருந்து ஏற்றாமல், பேச்சாளர் எழுந்து வரும் இடத்திலிருந்து வெட்டி ஏற்றுங்கள். பேச்சுக்கு நடுவே பாரதியின் வரிகளைச் சொன்னால் கவலையே இல்லை. கண்ணதாசனின் இரண்டு வரியை மேற்கோள் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு முழுத் திரைப்பாடலை இசையோடு பாடினால் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும். பின்னால் தெரியும் ஃபிளெக்ஸ் பேனர் போகிற போக்கில் வருவது, பொருட்டில்லை. சிறுவர்கள் முகம் நெருக்கத்தில் தெரிந்தால், சட்டம் கேட்காவிட்டாலும் வெட்டிவிடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்யலாம். பொதுவகம் போன்ற தளங்களில் நீக்கிய கோப்பு அழிந்துபோவதில்லை, நிர்வாகிகளால் மீட்க முடியும். எனவே மறுபடி ஏற்றாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத்தான் முடியும். பேச்சாளரை நேரில் பாருங்கள். நம் மூத்த பேச்சாளர்களிடம் கேட்டால் பெரும்பாலும் "எடுத்துக்கோ தம்பி, இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்பார்கள். அது பெருந்தன்மை, ஆனால் அனுமதி ஆகாது, ஏனென்றால் அவர் மனதில் இருப்பது நாலு பேர் பார்ப்பது. யாரோ ஒருவர் இதை விற்கலாம், வெட்டி ஒட்டலாம், பிறகு திரும்ப வாங்க முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சரி என்றால், அவர் மின்னஞ்சலிலிருந்தே இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இன்ன நாளில் இன்ன ஊரில் நான் ஆற்றிய உரையை, கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் ஷேர்அலைக் 4.0 உரிமத்தில் வெளியிட இசைகிறேன். வணிக நோக்கம் உட்பட எதற்கும் யாரும் இதைப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்பதை அறிவேன். இந்த இசைவைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அறிவேன்." பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பதுதான் அந்த உரிமத்தின் பொருள். பதிவு உங்களுடையது என்பதால் அதற்கு நீங்களும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். "விக்கிப்பீடியாவில் மட்டும் போட்டுக்கொள்ளலாம்" என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள், இங்கேதான் நிறைய கடிதங்கள் திரும்பி வருகின்றன. அனுமதிக் கடிதங்களைப் பார்க்கும் தன்னார்வலர் குழுவுக்கு அதை அனுப்பிவிட்டு, கோப்பின் பெயரைக் குறிப்பிட்டு மீட்கக் கோருங்கள்.

அடுத்த கூட்டத்திலிருந்து இன்னும் சுலபம். பேச்சு தொடங்குவதற்கு முன்பே விளக்கிக் கேட்டுவிட்டு, கேமராவை ஓடவிட்டு அவர் வாயாலேயே சம்மதத்தைப் பத்து வினாடி பதிவு செய்துகொள்ளுங்கள். கடிதத்துக்கு அது மாற்று ஆகாது, ஆனால் பின்னால் யாரும் "கேட்காமல் எடுத்தார்" என்று சொல்ல முடியாது.

சிலர் மறுப்பார்கள். அவர்களுடைய பேச்சுத் தொகுப்பு புத்தகமாக வந்து, அதில் கொஞ்சம் வருமானம் வரலாம், அல்லது தன் பேச்சை யாரோ வெட்டி ஒட்டுவது பிடிக்காமல் இருக்கலாம். அப்போது விட்டுவிடுங்கள். அவர் சொன்ன செய்திகளுக்கும் கருத்துகளுக்கும் பதிப்புரிமை கிடையாது, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. அன்று அவர் என்ன பேசினார் என்று உங்கள் சொற்களில் நாலு பத்தி எழுதுங்கள், மேடையில் அவர் நிற்கும் படம் ஒன்றை நீங்களே எடுத்து உங்கள் பெயரில் சேருங்கள். இரண்டையும் யாரும் நீக்கக் காரணம் இல்லை. நீக்கினால் இங்கேயே இணைப்பைப் போடுங்கள், நானும் வந்து கேட்கிறேன்.